சாப்பாட்டு ராமன் என்னும் அவதூறு

திருமணப் பந்தியில் இலைக்கு முன்னே அமர்ந்திருக்கும் பருத்த மனிதர் ஒருவரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இரண்டாம் முறை பாயசம் வரும்போது அவர் இலையைக் கையால் மறைப்பார். மறைக்கும்போதே எதிர்வரிசையை ஒருமுறை நோக்குவார். அங்கே ஒல்லியான ஒருவர் மூன்றாம் முறை வாங்கிய பாயசத்தை வழித்து உண்டுகொண்டிருப்பார். அவரை எவரும் பார்ப்பதில்லை. பந்தி முடிந்து வெற்றிலை போடும் இடத்தில் பேச்சு எழும். பருத்தவர் வேண்டாமென்று மறைத்தது யார் நினைவிலும் இராது. அவர் முதல்முறை வாங்கியது மட்டும் நினைவிலிருக்கும். 'சாப்பாட்டு ராமன்' என்ற பட்டம் அங்கேயே, அவர் காதுக்கு எட்டும் தொலைவிலேயே, சூட்டப்படும்.

இந்தப் பட்டத்தை எதிர்த்தே இதனை எழுதுகிறோம். நகைச்சுவை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. இதன் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. பசி எல்லோருக்கும் ஒரே அளவுதான். அதனை வென்றவர் மெலிந்திருக்கிறார், தோற்றவர் பருத்திருக்கிறார். ஆகவே உடல் என்பது ஒருவரது ஒழுக்கத்தின் புறச்சான்று என்பதே அக்கோட்பாடு. நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களும், உணவுக் கட்டுப்பாட்டை விற்போரும், பல மருத்துவர்களும்கூட, 'வாயைக் கட்டினால் போதும்' என்ற ஒற்றை வரியில் இதனையே ஓதி வருகின்றனர். இக்கோட்பாடு பொய். கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் இது துண்டு துண்டாக உடைக்கப்பட்டுவிட்டது. நம் பேச்சு மட்டும் உடைந்த துண்டுகளையே இன்னும் எறிந்துகொண்டிருக்கிறது.

நம் மரபின் முரணையும் இங்கே சொல்லவேண்டும். பசி வந்தால் மானமும் கல்வியும் அறிவும் தவமும் என ஒரு பட்டியலே பறந்தோடிவிடும் என்று ஒப்புக்கொண்ட சமூகம் இது. ஔவையின் பெயரால் வழங்கும் நல்வழியில் வயிற்றோடு வாழ்தல் அரிது என்று வயிற்றையே கடிந்துகொள்ளும் செய்யுளும் உண்டு. ஏழையின் பசிமுன் அறிவு நில்லாது என்று ஏற்றுக்கொண்ட நாம், பருத்தவரின் பசிமுன் மட்டும் மன உறுதி மலைபோல் நிற்கவேண்டும் என எதிர்பார்க்கிறோம். அவருக்குப் பசியே கிடையாது, இருப்பது ஆசை மட்டுமே என்று நாமே முடிவு கட்டிவிட்டோம் போலும்.

முதலில் வயிற்றை விடுதலை செய்வோம். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனை செய்தனர். வாஷ்பர்ன் ஒரு சிறு பலூனை விழுங்கினார். குழாய் வழியே அது ஒரு பதிவுக் கருவியோடு இணைக்கப்பட்டது. அவர் பசிக்கிறது என்று சொன்ன கணங்களும் இரைப்பை சுருங்கிய கணங்களும் பெரும்பாலும் ஒத்திருந்தன. பசியின் இருப்பிடம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே பலர் நம்பினர். ஆனால் அறுவை மருத்துவத்தில் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கும் பசித்தது. வயிறு இல்லாதவருக்கும் பசி உண்டு என்றால், வயிறு செய்தி சொல்லும் தூதன் மட்டுமே. ஆணையிடுபவன் வேறெங்கோ இருக்கிறான்.

அவன் இருப்பது தலையில். மூளையின் அடிப்பக்கத்தில், பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சற்று மேலே, பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில். 1940 இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் ஹைப்போதலாமஸில் குறிப்பிட்ட இடங்களைச் சிதைத்தபோது அவை பெருத்துப் போயின. 1951 இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆனந்தும் பிரோபெக்கும் அதே உறுப்பின் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தனர். எலிகள் உணவு முன்னே இருக்க உண்ணாமலே கிடந்தன. இந்த ஆனந்த் நம் நாட்டவர், பால் கிருஷண் ஆனந்த். பின்னர் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையை உருவாக்கியவர். அங்கே அவர் யோகிகளைக் காற்றுப்புகாப் பெட்டியில் அமர்த்தியும், அவர்களது மூளை அலைகளைப் பதிவு செய்தும் ஆராய்ந்தார் என்பது சுவையான செய்தி. புலனடக்கத்தின் எல்லையையும், புலனை ஆளும் நரம்புகளையும் ஒரே மனிதர் அளந்திருக்கிறார். மன உறுதி பற்றிச் சொற்பொழிவாற்றும் நம்மவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

'பசி மையம்', 'நிறைவு மையம்' என்று இரண்டு பொத்தான்களாக இதனை வருணித்த பழைய பாடநூல் வருணனை பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் அடிப்படை நிலைத்தது. அதன்பின் எழுந்த கேள்விதான் முக்கியமானது: உடலில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பது இந்தச் சிறு உறுப்புக்கு எப்படித் தெரிகிறது?

விடைக்கு அருகே முதலில் சென்றவர் டக்ளஸ் கோல்மன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரில் உள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அங்கே அளவின்றி உண்டு பருக்கும் இருவகைச் சுண்டெலிகள் இருந்தன. ஒன்றை ஓபி என்றும் மற்றதை டிபி என்றும் அழைத்தனர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. கோல்மன் இரண்டிரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் சிறிதளவு செல்லுமாறு செய்தார். டிபி எலியோடு இணைக்கப்பட்ட இயல்பான எலி உண்பதை நிறுத்திப் பட்டினியால் இறந்தது. டிபியோடு இணைக்கப்பட்ட ஓபி எலிக்கும் அதே கதி. அருகிலிருந்த டிபி மட்டும் தின்றுகொண்டேயிருந்தது. இயல்பான எலியோடு இணைந்த ஓபியோ உணவைக் குறைத்துக்கொண்டது.

இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். டிபியின் இரத்தத்தில் 'போதும்' என்னும் செய்தி நிரம்பி வழிகிறது. ஆனால் அதனைக் கேட்கும் செவி அதற்கில்லை. ஓபிக்குச் செவி உண்டு, செய்தி இல்லை. நடுவில் அகப்பட்ட இயல்பான எலி, தன்னுடையதல்லாத கொழுப்புக்காகத் தான் பட்டினி கிடந்து மடிந்தது. அதன் முன்னே உணவு இருந்தது. அது உண்ணாததை 'அடக்கம்' என்பீர்களா? அருகில் இருந்தது தின்றதைப் 'பெருந்தீனி' என்பீர்களா? எலிகளிடத்தில் நாம் அவ்வாறு பேசமாட்டோம்.

கோல்மன் 1969 முதல் 1973 வரை வெளியிட்ட இம்முடிவுகளைப் பலர் ஐயுற்றனர். உடல் பருமன் நடத்தையின் கோளாறு என்னும் எண்ணம் அறிவியலாளரிடமும் அவ்வளவு ஊறியிருந்தது. 1994 டிசம்பரில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் ஓபி எலியில் பழுதுற்ற மரபணுவைக் கண்டுபிடித்து அறிவித்தனர். அது உண்டாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிடப்பட்டது. மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர். அதனைச் சுரப்பது கொழுப்புத் திசு. வெறும் கிடங்கு என்று எண்ணியிருந்த கொழுப்பு, தன் இருப்பை நாள்தோறும் மூளைக்கு எழுதி அனுப்பும் கணக்குப்பிள்ளையாக இருந்திருக்கிறது.

அக்கணக்கை வாசிக்கும் நரம்பணுக்களும் இப்போது தெரியும். ஹைப்போதலாமஸின் ஆர்க்குவேட் பகுதியில் எதிரெதிரான இரு கூட்டங்கள் உள்ளன. ஏஜிஆர்பி எனப்படும் கூட்டம் உண்ணத் தூண்டும். பிஓஎம்சி என்னும் கூட்டம் தடுக்கும். லெப்டின் முன்னதை அடக்கிப் பின்னதை எழுப்புகிறது. வெறும் வயிற்றில் சுரக்கும் கிரெலின், 1999 இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டது, முன்னதை எழுப்புகிறது. 2005 இல் வளர்ந்த எலிகளிடம் ஏஜிஆர்பி அணுக்களை மட்டும் அழித்தபோது அவை உண்பதைக் கைவிட்டன. 2011 இல் அதே அணுக்களை ஒளியால் தூண்டியபோது வயிறு நிறைந்த எலிகள் சில நிமிடங்களுக்குள் வெறிகொண்டு உண்ணத் தொடங்கின. விளக்கை அணைத்ததும் நிறுத்தின. அந்த விளக்கு நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் எரிகிறது. எத்தனை ஒளியோடு எரியவேண்டும் என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை.

எலிக்கும் மனிதனுக்கும் தொலைவு அதிகம் என்பார்கள். அவர்களை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே 1997 இல் ஸ்டீஃபன் ஓ'ராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு இரு குழந்தைகளைப் பற்றி அறிவித்தது. பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த, நெருங்கிய உறவினருக்குள் மணம் செய்துவந்த ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுச் சிறுவனுக்கு இரண்டு வயது. எடை 29 கிலோ. இருவரும் பிறந்தபோது இயல்பான எடையுடனேயே பிறந்தனர். பிறந்த சில மாதங்களிலிருந்து இருவருக்கும் ஒரு கணமும் அடங்காத பசி. இரத்தத்தில் லெப்டினைத் தேடினார்கள். ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. லெப்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.

ஓர் எழுத்து! சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டால் பொருள் எப்படித் திரியும் என்பது இலக்கியம் படிப்போர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. இங்கே அந்த எழுத்துப்பிழை ஒரு குழந்தையின் முழு வாழ்வையும் உணவின்பால் திருப்பிவிட்டது. அப்பெண்ணுக்கு ஒன்பது வயதானபோது எடை 94 கிலோவைத் தாண்டியிருந்தது. லெப்டின் ஊசி தொடங்கப்பட்டது. பன்னிரண்டு மாதங்களில் பதினாறு கிலோவுக்கு மேல் குறைந்தாள். ஏறக்குறைய அனைத்தும் கொழுப்பு. இதே சிகிச்சை பெற்ற சிறுவன் ஒருவன் மூன்று வயதில் 42 கிலோ இருந்தான். ஏழு வயதில் 32 கிலோ. விரும்பிய அளவு உண்ணலாம் என்று சொல்லி வைத்த ஒரு வேளைச் சோதனை உணவில், ஊசிக்குப் பின் ஒரு சிறுவன் உண்ட அளவு 84 விழுக்காடு குறைந்தது. அவனுக்கு எவரும் அறிவுரை கூறவில்லை. அவன் மன உறுதி ஒரே வாரத்தில் வளர்ந்துவிடவும் இல்லை.

2007 இல் அதே குழு லெப்டின் இல்லாத இருவரின் மூளையைப் படம் பிடித்தது. சிகிச்சைக்கு முன், உணவின் படங்களைக் காட்டினால், வயிறு நிறைய உண்ட பின்னும், மூளையின் விருப்பப் பகுதி கிளர்ந்தது. எந்த உணவைக் காட்டினாலும் மிகப் பிடிக்கிறது என்றனர். ஏழு நாள் ஊசிக்குப் பின் பசித்திருந்தபோது மட்டுமே அந்தக் கிளர்ச்சி. 'எதைப் பார்த்தாலும் தின்னத் தோன்றுகிறதே, வெட்கமாயில்லையா?' என்று நாம் வீடுகளில் கேட்கும் கேள்விக்கு அந்தப் படங்கள் விடை சொல்கின்றன. தோன்றுவதும் தோன்றாதிருப்பதும் நாம் தேர்ந்தெடுப்பன அல்ல.

மணிமேகலையில் காயசண்டிகை வருகிறாள். விருச்சிக முனிவனின் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி நோய்க்கு ஆளாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் அலையும் விஞ்சைமகள். எவ்வளவு உண்டும் அவியாத அத்தீ, அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடியில் அவிகிறது. சாத்தனாருக்கு ஹார்மோன் தெரிந்திருந்தது என்று சொல்லும் அசட்டுத்தனத்தில் நாம் இறங்கப் போவதில்லை. அத்தகைய கட்டுரைகள் வேண்டிய அளவு இருக்கின்றன. நாம் கவனிக்கச் சொல்வது வேறு. காவியத்தில் எவரும் அவளைச் சாப்பாட்டு ராமன் என்று ஏசவில்லை. அவள் பசி நோய் என்றே பேசப்படுகிறது. தீர்க்கவேண்டிய துன்பமாகவே அணுகப்படுகிறது. அந்தப் பண்பை எந்த நூற்றாண்டில் தொலைத்தோம்?

தொலைத்ததன் விலையைக் காண மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே போகலாம். கடுமையான பருமனுள்ள 300 குழந்தைகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2010 இல் வெளியாயிற்று. சிலருக்குப் பதினாறாம் குரோமோசோமில் ஒரு துண்டே காணப்படவில்லை. லெப்டினின் செய்தியைக் கடத்த உதவும் ஒரு மரபணு அத்துண்டில் இருந்தது. இக்குழந்தைகளில் சிலரது பெயர்கள் சமூகநலத் துறையின் ஆபத்துக்குள்ளான பிள்ளைகள் பட்டியலில் ஏறியிருந்தன. பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஊட்டிக் கொடுமை செய்கிறார்கள் என்ற ஐயமே காரணம். மரபணுப் பழுது தெரியவந்த பின்னரே பெயர்கள் நீக்கப்பட்டன. அந்த வீடுகளில் இடைப்பட்ட காலம் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். பசியால் கதறும் பிள்ளைக்குச் சோறு போட்டால் குற்றம், போடாவிட்டாலும் குற்றம். பிள்ளையையே பறிகொடுக்க நேருமோ என்ற அச்சம் வேறு. அவதூறு என்னும் சொல்லைத் தலைப்பில் இட்டது சும்மா அன்று.

'இவையெல்லாம் அரிய நோய்கள். ஊரிலுள்ள பருத்தவர் அனைவருக்கும் மரபணுவா பழுது?' என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. பெரும்பாலானவர்களுக்கு லெப்டின் உண்டு. சொல்லப்போனால் மிகுதியாகவே உண்டு. அதனால்தான் பொதுவான பருமனுக்கு லெப்டின் ஊசி பெரும்பயன் தரவில்லை என்பது 1999 வாக்கிலேயே தெளிவாயிற்று. ஆனால் அரிய நோய் காட்டுவது பொது விதியை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்த ஸ்டங்கர்டு 1986 இல் என்ன கண்டார்? அவர்களது பருமன் பெற்றவர்களின் பருமனோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களின் பருமனோடு தொடர்பில்லை. யார் சமையலறையில் வளர்ந்தோம் என்பதைவிட யார் கருவில் வந்தோம் என்பதே பெரிதாக நின்றது.

இனி மன உறுதிக்கு வருவோம். அதில் எவருக்கும் குறையாதவர்களை வைத்தே சோதனை நடந்திருக்கிறது. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களைச் சேர்த்தார். போரில் கொலை செய்ய மறுத்து, அதற்கு மாற்றாகத் தம் உடலைச் சோதனைக்கு அளித்தவர்கள். கொள்கைக்காக நாட்டையே எதிர்த்து நின்றவர்களின் மன உறுதியை ஐயுற யாருக்குத் துணிவு வரும்? இருபத்து நான்கு வாரம் அரைப்பட்டினி. எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போயிற்று. அந்த இலட்சியவாதிகள் தட்டை நக்கினார்கள். சமையல் நூல்களைச் சேகரித்தார்கள். உணவைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை என்றார்கள். பட்டினி முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்த பின்னும் பசி அடங்கவில்லை. வயிறு கொள்ளாதபோதும் பசிக்கிறது என்றனர். இழந்த கொழுப்பு திரும்பியதோடு நில்லாமல் முன்னைய அளவையும் தாண்டிச் சென்றது.

எடை குறைக்க உணவைக் குறைத்தவருக்கு நேர்வதும் இதே கதையின் சிறிய வடிவம். 2011 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பருமனுள்ள 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு தந்தனர். சராசரியாகப் பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்தன. நிறைவைத் தருபவை தாழ்ந்தே இருந்தன. அவர்கள் தம்மைப் பருமனிலிருந்து மீண்டவர்களாக எண்ணினார்கள். அவர்களது மூளையோ பஞ்சத்தில் சிக்கியதாக எண்ணி, ஓராண்டாக மீட்புப் பணியில் இருந்தது. மீண்டும் எடை கூடியவரைப் பார்த்து 'பழைய குணம் போகவில்லை' என்று சிரிக்கிறோமே, அது குணமன்று. பஞ்சங்களைத் தாண்டி நம்மை இதுவரை கொண்டுவந்து சேர்த்த காவல்.

இன்னொரு மறுப்பும் உண்டு, இதுவே வலிமையானது. 'நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் இதே மரபணுக்கள்தாமே? அன்று இத்தனை பேர் பருக்கவில்லையே?' உண்மை. மாறியது உணவுச் சூழல். ஆனால் இந்த மறுப்பு மன உறுதிக் கோட்பாட்டைக் காப்பாற்றாது, குழிதோண்டிப் புதைக்கும். 2019 இல் அமெரிக்க தேசிய நல நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்தனர். இரண்டு வாரம் ஆலையில் மிகுதியும் பதப்படுத்தப்பட்ட உணவு. இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. முன்வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இணையாக இருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம். ஆலை உணவு உண்ட வாரங்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். ஒரு கிலோ அளவுக்கு எடை கூடினர். மற்ற இரு வாரங்களில் அதே அளவு குறைந்தனர். இரண்டு வாரத்தில் இருபது பேரின் ஒழுக்கமும் கெட்டு, அடுத்த இரண்டு வாரத்தில் திருந்திற்று என்று நம்பத்தான் வேண்டுமா? மூளை அளந்து பழகிய உணவு ஒன்று. ஆலை செய்து தருவது வேறொன்று. இந்த அளவுக்கோலை ஏமாற்றி இலாபம் ஈட்டுபவர்கள் கோட்டு அணிந்து கூட்டங்களில் அமர்ந்திருக்க, பழி பந்தியில் இலை மறைத்தவர் தலையில் விழுகிறது.

மன உறுதி என்று ஒன்றே இல்லை என்பது நம் வாதமன்று. கடையில் எதை வாங்குவது, வீட்டில் எதை வைப்பது, மாலையில் நடப்பதா கிடப்பதா என்பவற்றில் அதற்கு இடமுண்டு. பருமனால் நீரிழிவும் மூட்டுத் தேய்வும் வருவதையும் நாம் மறுக்கவில்லை. நாம் மறுப்பது ஒப்பீட்டை. உறக்கத்தை ஓரிரவு அடக்கலாம், இரண்டிரவு அடக்கலாம். அதன்பின் உறங்கினவனை ஒழுக்கமற்றவன் என்பாரில்லை. பத்துக் கிலோ மூட்டையைச் சுமந்து படியேறியவன், ஐம்பது கிலோ மூட்டையோடு பாதிப்படியில் மூச்சிரைக்க நிற்பவனைத் திரும்பிப் பார்த்து, 'என்னைப் போல் ஏன் வரமாட்டேன் என்கிறாய்?' என்று கேட்பது எத்தகையதோ, இயல்பிலேயே பசி குறைந்தவர் பருத்தவருக்கு உபதேசிப்பதும் அத்தகையதே. மூட்டை கண்ணுக்குத் தெரியாது என்பதொன்றே வேறுபாடு.

இப்போது ஊசி வந்திருக்கிறது. உண்டபின் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களே வாழும். அதனைப்போலவே செயற்பட்டு ஒரு வாரம் நிலைக்கும் செமகுளுடைடு, 2021 இல் அமெரிக்காவில் பருமனுக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. 1961 பேரிடம் நடந்த சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. 2025 முதல் இவ்வகை மருந்துகள் இந்தியாவிலும் எடைக்குறைப்புக்காக விற்கப்படுகின்றன. எடைக்குறைப்பில் இது முதன்மையாக மூளையில் வேலை செய்கிறது. மூளை நரம்பணுக்களில் இதற்கான ஏற்பியை நீக்கிய எலிகளிடம் இவ்வகை மருந்தான லிராகுளுடைடு எடையைக் குறைக்கவில்லை என 2014 இலேயே காட்டப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலர் சொல்வது ஒன்று: தலைக்குள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த உணவுப் பேச்சு நின்றுவிட்டது. பலருக்கு அப்படியொரு பேச்சு தமக்குள் இருந்ததே, அது நின்றபோதுதான் தெரிந்திருக்கிறது. பிறர் தலைகளில் அது இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

உடனே நம் ஒழுக்கவாதிகள் புதிய பாட்டுக்கு மாறிவிட்டார்கள். 'குறுக்கு வழி' என்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குபவரையோ கண்ணாடி அணிபவரையோ இவ்வாறு எவரும் சொல்வதில்லை. பருத்திருந்தாலும் குற்றம், மருந்தால் மெலிந்தாலும் குற்றம். தண்டனை அனுபவித்து மெலிந்தால் மட்டுமே மன்னிப்பு! இவர்கள் அக்கறை கொண்டது உடல்நலத்தின் மீதுதானா என்ற ஐயம் இங்கே உறுதிப்படுகிறது. மறுபுறம், மருந்தை மந்திரமென விற்போரிடமும் நமக்கு உடன்பாடில்லை. ஊசியை நிறுத்தியவர்கள் ஓராண்டில், குறைத்த எடையில் மூன்றில் இரு பங்கை மீண்டும் பெற்றனர். விளம்பரங்கள் இதனைச் சிற்றெழுத்தில் அச்சிடுகின்றன. திரும்ப வந்ததைக் கண்டு 'பார்த்தீர்களா, குணம்' என்று ஒழுக்கவாதி எழுவார். அவருக்கு மின்னசோட்டா இளைஞர்களை நினைவூட்டவேண்டியிருக்கும்.

கடைசியாக, நம் வீட்டுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ்க் குழந்தைகளை அரியவர் என்று ஒதுக்க நமக்கு உரிமை குறைவு. பாகிஸ்தானில் உறவுமணக் குடும்பங்களில் பிறந்து, கடுமையான பருமனுற்ற குழந்தைகளை ஆராய்ந்தபோது, மூன்றே மரபணுக்களின் பழுதுகள் அவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் பருமனுக்குக் காரணமாயிருந்தன என்று 2015 இல் அறிவிக்கப்பட்டது. அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே பழுது வந்து சேர்வதற்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கின்றன. நள்ளிரவில் எழுந்து அடுக்களையில் டப்பாவை உருட்டும் மூன்று வயதுக் குழந்தை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோறு கேட்டு அழும் குழந்தை, மற்றப் பிள்ளைகளின் தட்டில் மிஞ்சியதைத் தின்று அடிவாங்கும் குழந்தை: இப்படியொரு பிள்ளையை எந்தத் தெருவிலாவது பார்த்திராதவர் உண்டா? அதற்கு 'பூதம்' என்றோ 'குண்டு' என்றோ பெயர் வைத்திராத தெருவுண்டா? பிறந்து ஓராண்டுக்குள்ளேயே எடை கட்டின்றி ஏறத்தொடங்கிய பிள்ளைக்கு இரத்தத்தில் லெப்டின் அளவைப் பார்க்கலாம், மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று அதன் தாயிடம் எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். அதுவரை அந்தத் தாய்க்கு நாம் சொல்லிவந்தது, 'உன் வளர்ப்பு சரியில்லை' என்பது மட்டுமே.